பேட்ச்சா, மைனரா? எடை மென்பொருளின் வெளியீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் கோத்தகிரியில் நாலு பேர். பச்சைத் தேயிலை கொள்முதல் நிலையங்களில் எடை பிடித்து, சீட்டு அடித்து, நாள் முடிவில் தொழிற்சாலைக்குக் கணக்கு அனுப்பும் மென்பொருளை எழுதிப் பராமரிக்கிறோம். எங்கள் குழுவில் புதிதாகச் சேருபவர்களும், எங்கள் நிரலை நூலகமாகத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொண்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: ஒரு மாற்றம் கையில் இருக்கிறது, அது பேட்சில் போகுமா, மைனர் வெளியீடு வரைக்கும் காத்திருக்கணுமா? இதுவரை சொன்ன பதில்களை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், பதிப்பு எண்ணில் உள்ள மூன்று எண்களுக்கும் என்ன பொருள்?

2.4.7 என்று இருந்தால் 2 மேஜர், 4 மைனர், 7 பேட்ச். நாங்கள் பின்பற்றுவது சிமான்டிக் வெர்ஷனிங் விதிகளை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதியவை அவை. 2013இல் வந்த 2.0.0 பதிப்புதான் இன்றும் பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொள்வது. அதன்படி, பழைய பயன்பாட்டைக் கெடுக்காமல் பிழையை மட்டும் சரிசெய்தால் பேட்ச் எண் ஏறும். பழையதைக் கெடுக்காமல் புது வசதி சேர்த்தால் மைனர் ஏறும், பேட்ச் பூஜ்ஜியமாகும். பழைய பயன்பாடு உடைந்தால் மேஜர்.

எழுதிவைத்தால் மூன்று வரி. நேரில் ஒரு மாற்றம் மேஜைமேல் வந்து நிற்கும்போதுதான் சிக்கல்.

எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

ஒரே ஒரு கேள்வியை வைத்து. மறுநாள் காலை ஏழு மணிக்கு, மூட்டை இறங்கத் தொடங்கும் நேரத்தில், நிலையத்தில் இருப்பவர் ஏதாவது வித்தியாசத்தைப் பார்த்து நின்றுவிடுவாரா? நிற்க மாட்டார் என்றால் பேட்ச். கண்ணில் படும், ஆனால் அவர் பழைய வேலையைப் பழையபடியே செய்துகொண்டிருக்கலாம் என்றால் மைனர். அவர் பழக்கத்தையோ, இன்னொருவர் நிரலையோ மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் மேஜர்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் மென்பொருள் பேட்ச் வந்தால் இரவு இரண்டு மணிக்கு யாரையும் கேட்காமல் தானே நிறுவிக்கொள்ளும். மைனர் வந்தால் திரையில் அறிவிப்பு மட்டும் காட்டும். நிலையத்துக்காரர் பொத்தானை அழுத்தினால்தான் ஏறும். ஆகவே ஒரு மாற்றத்துக்குப் பேட்ச் எண் கொடுப்பது, “உங்களைக் கேட்காமல் உங்கள் மேஜையில் கை வைக்கிறேன்” என்று சொல்வதற்குச் சமம். அந்த உரிமையை அவர் நமக்குக் கொடுத்தது பிழை திருத்துவதற்கு மட்டும்.

நூலகமாக எடுத்துக்கொண்டவர்களுக்கும் இதே கதைதான். ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை நிறுவும் என்.பி.எம்.மில் பதிப்பு எண்ணுக்கு முன்னால் அலைக்குறி (~) போட்டவருக்கு பேட்ச்கள் மட்டும் தானாக வரும். தொப்பிக்குறி (^) போட்டவருக்கு மைனரும் வரும். அவர் எந்தக் குறியைப் போட்டார் என்பது நமக்குத் தெரியாது. நம் எண்ணை நம்பிப் போட்டிருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

மாற்றியது ஒரே ஒரு வரி. அதற்குமா மைனர்?

இந்தக் கேள்விக்கு எங்கள் கையாலேயே செய்த தவறைச் சொல்கிறேன்.

தராசு 23.45 காட்டுகிறது, சீட்டில் 23.4 என்று விழுகிறது என்று விவசாயிகள் சிலர் புகார் சொன்னார்கள். நியாயமான புகார். 50 கிராம் என்றாலும் அது அவர்கள் பறித்த இலை. நிரலில் பார்த்தால் தசமத்துக்குப் பின் ஓரிலக்கம் என்று எழுதியிருந்தது. அதை இரண்டிலக்கம் ஆக்கினோம். மாறியது ஒரே எழுத்து. பிழைத்திருத்தம் என்று குறித்து, பேட்ச் எண் போட்டு, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வெளியிட்டோம்.

காலையில் அரவேணுப் பக்கத்திலிருந்து முதல் போன். “தம்பி, நேத்து வரைக்கும் சீட்டுல ஒரே வரியா வந்துச்சு. இன்னிக்குச் சிலதுல பாதி கீழே போயிருச்சு. எந்தக் கணக்கைங்க நம்பறது?”

எல்லாச் சீட்டிலும் இல்லை, சிலதில் மட்டும். அங்கேதான் எங்களுக்கு அரை மணி நேரம் போயிற்று. நிலையங்களில் இருப்பது 58 மில்லிமீட்டர் தெர்மல் பிரின்டர். வரிக்கு 32 எழுத்து. நாங்கள் 32ஐயும் நிரப்பி வைத்திருந்தோம், எடைக்கு ஐந்து இடம். 23.45 ஐந்து இடத்தில் அடங்கும். 104.35 அடங்காது. நூறு கிலோவைத் தாண்டிய வரிகளில் மட்டும் ரூபாயின் கடைசி இலக்கம் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டது. எங்கள் சோதனைத் தரவில் இருந்ததெல்லாம் சிறு விவசாயிகளின் முப்பது, நாற்பது கிலோ.

சீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. தொழிற்சாலைக்குப் போகும் கோப்பிலும் எடைக்கு ஐந்து இடம்தான். அங்கே இருந்த கணக்கு நிரல் இடத்தை எண்ணி வாசிக்கும். 104.35இன் கடைசி 5, பக்கத்துப் பத்தியான ஈரக் கழிவின் (இலையின் ஈரத்துக்காகக் கழிக்கும் எடை) முதல் இலக்கமாகப் போய் உட்கார்ந்தது. 2 கிலோ கழிவு 52 கிலோ ஆனது. நல்ல வேளை, மாதக் கணக்கு முடிக்க நாள் இருந்தது; எல்லா வரியையும் திரும்ப அனுப்பிச் சரிசெய்தோம். ஆனால் அன்று இலை கொண்டுவந்தவர்களிடம் கையில் சீட்டோடு பதில் சொல்லி நின்றது நாங்கள் இல்லை, நிலையத்துக்காரர்.

அது மைனராக வந்திருக்க வேண்டும்: புதுச் சீட்டு வடிவம் ஒன்று, விரும்பினால் மாறிக்கொள்ளலாம் என்று, கோப்புக்குப் புது வடிவ எண்ணோடு. வரிகளை எண்ணி முடிவெடுக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டோம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: தராசோடு பேசும் பகுதி முழுவதையும், நூற்றுக்கணக்கான வரிகளை, பிரித்து எழுதி பேட்சில் அனுப்பியிருக்கிறோம். யாருக்கும் தெரியவில்லை, தெரியக்கூடாது என்பதுதான் அங்கே நிபந்தனை.

பிழை என்று தெரிந்தே யாராவது அதை நம்பியிருந்தால்?

இருப்பார்கள். பயன்படுத்துபவர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், நாம் வாக்குக் கொடுக்காத நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார் என்பதை ஹைரம் விதி என்கிறார்கள். கூகுளில் வேலை பார்த்த ஹைரம் ரைட் பெயரால் வந்தது.

2010இல் நடந்ததைப் பாருங்கள். லினக்ஸ் நிரல்கள் பயன்படுத்தும் அடிப்படை நூலகமான ஜி-லிப்-சியில், நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி என்ற செயற்கூறு இருக்கிறது. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் இதைப் பயன்படுத்தாதே, அதற்கு மெம்மூவ் என்ற வேறு செயற்கூறு இருக்கிறது என்று ஆவணம் தெளிவாகவே சொல்கிறது. வேகத்துக்காக நகலெடுக்கும் வரிசையை மாற்றினார்கள். ஆவணப்படி எந்தத் தப்பும் இல்லை. ஆனால் ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வெளியீட்டில், உலாவியில் பாட்டும் படமும் ஓட்டும் அடோபி ஃபிளாஷின் ஒலி கரகரத்தது, ஏனென்றால் ஃபிளாஷ் அந்த விதியை மீறி எழுதப்பட்டிருந்தது. தவறு ஃபிளாஷ் பக்கம்தான் என்று ஒரு தரப்பு. பயன்படுத்துபவனுக்கு யார் தவறு என்பதா முக்கியம், அவனுக்குப் பாட்டு கேட்கவில்லையே என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தரப்பு. பிறகு ஜி-லிப்-சி 2.14இல், பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தையும் புதிதாகத் தொகுக்கப்படுபவைக்குப் புதியதும் கிடைக்கும்படி வழி செய்தார்கள்.

நான் டோர்வால்ட்ஸ் பக்கம். எங்கள் வழக்கம்: தவறான நடத்தையால் ஒருவருக்குப் பண நஷ்டமோ தரவு இழப்போ ஆகிறதென்றால் பேட்சில் திருத்துவோம், யார் நம்பியிருந்தாலும். அப்படி இல்லாமல் வெறும் ஒழுங்கின்மை என்றால், வெளியே தெரியும் எந்தத் திருத்தமும் மைனருக்குப் போகும்.

தேடலில் தமிழ்ப் பெயர் கிடைக்கவில்லை என்ற புகார். அதைத் திருத்துவது பேட்ச்தானே?

ஆமாம், ஆனால் பாதிதான். இது எங்களிடம் அடிக்கடி வரும் வகை என்பதால் விளக்குகிறேன்.

“கோபால்” என்று தேடினால் ஒரு கோபால் வருகிறார், இன்னொருவர் வருவதில்லை. திரையில் இரண்டு பெயரும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருவர் பெயரில் “கோ”வின் ஓகாரக் குறி, கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுமுறையான யூனிகோடில் ஒரே எழுத்தாக ஏறியிருக்கும். இன்னொன்றில் ஏகாரக் குறி, கால் என்று இரண்டாக ஏறியிருக்கும். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். தேடும்போது இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால் தீர்ந்தது. இது சுத்தமான பேட்ச்.

“ஸ்ரீ” வேறு கதை. ஸகரத்தில் தொடங்கி எழுதுவது ஒன்று, 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கி எழுதுவது இன்னொன்று. பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் யூனிகோடு இவற்றைச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. நாமாகத்தான் விதி எழுதவேண்டும். தேடலில் மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் அதுவும் பேட்ச்தான்.

இதோடு நிறுத்தாமல், “ஏற்கெனவே சேமித்த பெயர்களையும் ஒரே வடிவுக்கு மாற்றிவிடலாமே” என்று ஒருவர் புல் ரெக்வெஸ்ட் (நிரலில் சேர்க்கச் சொல்லும் மாற்றம்) அனுப்பினார். எண்ணம் நல்லது. ஆனால் அந்தப் பெயரையே அடையாளமாக வைத்துத் தொழிற்சாலைப் பக்கம் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால், ஒரே இரவில் அந்த விவசாயி புது ஆளாகிவிடுவார். சேமித்த தரவைத் தொடும் எதுவும் எங்களிடம் பேட்சில் போகாது. அந்தப் பகுதியைப் பிரித்து மைனருக்கு வைத்தோம்.

இயல்பாக அணைத்தே வைத்திருக்கும் புது அமைப்பு (செட்டிங்) ஒன்று. யாரையும் பாதிக்காதே?

மைனர். யாரையும் பாதிக்காது என்பது உண்மை, ஆனால் புது வசதி புது வசதிதான். இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. 2.4.3இல் அந்த அமைப்பு வந்துவிட்டால், “2.4 வைத்திருக்கிறேன்” என்று சொல்பவரிடம் அது இருக்கிறதா இல்லையா என்று போனில் சொல்ல முடியாது. 2.5 என்று இருந்தால் ஒரே கேள்வியில் தெரிந்துவிடும்.

டேட்டாபேஸில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்றால்?

குறைந்தது மைனர். பேட்ச் ஏறி ஏதாவது கோளாறென்றால் முந்தைய பேட்ச்சுக்குத் திரும்பிப் போக முடியவேண்டும். அட்டவணை மாறிவிட்டால் அது கஷ்டம்.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் ஒரு நிலையத்துக்கு நாலைந்து நாள் நெட் இருக்காது. கூடலூரில் அதே கதை தென்மேற்கில். நெட் வந்ததும் அது 2.4.1இலிருந்து நேராக 2.4.6க்குத் தாவும். இடையில் உள்ள நாலு பேட்சையும் அது பார்த்திருக்காது. அதனால் எந்த பேட்சும் முந்தைய பேட்ச் செய்து வைத்த வேலையை எதிர்பார்த்து எழுதப்படக்கூடாது. மஞ்சூரில் ஒரு இயந்திரம் நின்றுபோனால் போய்வர எங்களுக்கு ஒரு பகல் முழுக்க ஆகும், அதுவும் ரோட்டில் மண் சரியாமல் இருந்தால்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இதில் நல்ல முன்மாதிரி. 2017இல் வந்த பதிப்பு 10 முதல் அவர்கள் இரண்டே எண்கள்தான் வைக்கிறார்கள். இரண்டாம் எண் மட்டும் ஏறும் வெளியீட்டில் திருத்தங்கள் மட்டுமே இருக்கும், தரவை இறக்கி ஏற்றத் தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் “மைனர்” என்று சொல்வது நம் பேட்சை. வேறு திட்டத்தின் ஆவணத்தைப் படிக்கும்போது சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும்போது பழைய பயன்பாடு உடைந்தால்?

இது ஒன்றுதான் நான் மனமறிந்து விலக்குக் கொடுக்கும் இடம். பைத்தான் நிரல்மொழியில் 2022 செப்டம்பரில் இப்படி நடந்தது. மிக நீளமான எண் சரத்தை முழு எண்ணாக மாற்றச் சொல்லி ஒரு சர்வரைத் திணறடிக்க முடியும் என்பதால், 4300 இலக்கத்துக்கு மேல் மறுத்துவிடும்படி செய்தார்கள். அதை 3.10.7 போன்ற பேட்ச் வெளியீடுகளிலேயே கொடுத்தார்கள். பெரிய எண்களோடு வேலை செய்யும் கணிதக்காரர்களின் நிரல்கள் சில அன்றே நின்றன, சினமும் வந்தது. ஆனால் வரம்பை மாற்றிக்கொள்ள அமைப்பு ஒன்றையும் கூடவே கொடுத்திருந்தார்கள். எங்களுக்கும் அதே விதி: ஓட்டையை பேட்சில் அடை, பழையபடி போக ஒரு வழி வை, மாற்றக் குறிப்பின் முதல் வரியில் எழுது.

நாம் சார்ந்திருக்கும் நூலகத்தின் பதிப்பை ஏற்றினால்?

நம் வெளி இடைமுகம் (பிறர் நம் நிரலைப் பயன்படுத்தும் வழி) மாறவில்லை என்றால், எதற்காக ஏற்றினோம் என்பதைப் பொறுத்தது. அதன் பிழைத்திருத்தம் வேண்டும் என்று ஏற்றினால் பேட்ச். அதன் புது வசதியை நம் பயனருக்குக் கொடுக்க ஏற்றினால் மைனர். அது பழைய இயங்குதளத்தைக் கைவிட்டிருந்தால் மட்டும் நின்று யோசிக்க வேண்டும். எங்கள் நிலையங்களில் இன்னும் பழைய கணினிகள் ஓடுகின்றன.

ஒரு பழைய வசதியை இனிப் பயன்படுத்தாதீர்கள் என்று அறிவிப்பது?

மைனர். சிமான்டிக் வெர்ஷனிங் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. நீக்குவது மேஜரில்.

வேகம் கூட்டும் மாற்றம், எழுத்துப்பிழைத் திருத்தம்?

இரண்டும் பேட்ச். வேகம் கூடியதில் வரிசை மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முன்பு பெயர் வரிசையில் வந்த பட்டியல் இப்போது வேறு வரிசையில் வந்தால், அது வெறும் வேக மாற்றம் இல்லை. எழுத்துப்பிழையில் ஒரே விதிவிலக்கு, கோப்பின் தலைப்புப் பெயர்கள். “ஏஜென்ட்” என்பது தப்பாக அடிக்கப்பட்டிருந்தாலும் அதை வாசிக்கும் நிரல் அந்தத் தப்பையே தேடும்.

பேட்ச் கிளைக்குள் திருத்தத்தை எப்படிக் கொண்டுவருவது?

முதலில் முதன்மைக் கிளையில் (அடுத்த வெளியீடு உருவாகும் நிரல் பிரதியில்) திருத்துங்கள், அங்கே ஒரு வாரம் ஓடட்டும், பிறகு செர்ரி-பிக் செய்து, அதாவது அந்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்து, வெளியீட்டுக் கிளைக்குக் கொண்டுவாருங்கள். தலைகீழாகச் செய்தால் 2.4.6இல் சரியான பிழை 2.5.0இல் மறுபடி முளைக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையான கிளைக்கும் இதே ஒழுங்குதான்: திருத்தம் முதன்மையில் ஏற்கெனவே இருக்கவேண்டும், உண்மையில் மக்களைத் தொந்தரவு செய்யும் பிழையாக இருக்கவேண்டும், மாற்றத்தைச் சுற்றிக் காட்டும் வரிகளையும் சேர்த்து 100 வரியைத் தாண்டக்கூடாது. வரிக்கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று மேலே சொன்னேன். அவர்கள் கணக்கு வைப்பது வேறு காரணத்துக்காக. படித்துப் பார்ப்பவர் முழுமையாகப் படித்து முடிக்கக்கூடிய அளவாக இருக்கவேண்டும் என்பது அது. அதை நாங்களும் மதிக்கிறோம்.

செர்ரி-பிக் செய்யும்போது அந்த மாற்றத்தோடு ஒட்டிக்கொண்டு வேறு எதுவும் வரவேண்டி இருந்தால், அது பேட்ச்சுக்கான மாற்றம் இல்லை என்பதற்கு அதுவே நல்ல அறிகுறி.

தவறான எண்ணில் வெளியிட்டுவிட்டோம். அதே எண்ணில் திருத்தி மறுபடி ஏற்றலாமா?

கூடாது. வெளியே போன எண் போனதுதான். ஒரே 2.4.4 என்ற பெயரில் இரண்டு இடத்தில் இரண்டு நிரல் ஓடினால் எந்தப் புகாரையும் தீர்க்க முடியாது. பழைய நடத்தையைத் திரும்பக் கொண்டுவந்து அடுத்த எண்ணில் விடுங்கள், எந்த எண்ணில் கோளாறு என்று குறிப்பில் எழுதுங்கள். மேலே சொன்ன தசமப் பேட்ச்சுக்கு நாங்கள் அன்று மதியமே அப்படித்தான் செய்தோம்.

2.9க்குப் பிறகு 3.0தானே?

இல்லை, 2.10. அவை தசம எண்கள் அல்ல. எண்ணை மேற்கோள் குறி இல்லாமல் அமைப்புக் கோப்பில் எழுதினால் 3.10 என்பது 3.1 ஆகச் சுருங்கிவிடும், பைத்தான் 3.10 வந்தபோது பலரும் இதில் தடுக்கினார்கள்.

0வில் தொடங்கும் பதிப்புகள்?

0.7.2 போன்றவற்றில் எதுவும் எப்போதும் மாறலாம் என்பது விதி. இருந்தாலும் ஒரு நிலையத்தில் உண்மையான இலைக்கு உண்மையான சீட்டு அடிக்கத் தொடங்கிவிட்டால், அன்றே 1.0.0 ஆக்கிவிடுங்கள்.

வாடிக்கையாளர் புது வசதியை அவசரமாகக் கேட்கிறார். அடுத்த மைனருக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த ஒரு முறை பேட்சில் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

அவசரம் உண்மையாக இருக்கலாம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளத்தில் சீட்டு வேண்டும் என்று கேட்டார்கள். தென்மேற்கு மழைக்கு முன்பே வேண்டும், பிறகு நெட்டை நம்ப முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. அதற்காகக் கோத்தகிரியிலும் குன்னூரிலும் தூங்கிக்கொண்டிருக்கும் இயந்திரங்களுக்குள் கேட்காமல் நுழையலாம் என்று ஆகாது.

மைனரை முன்னால் கொண்டுவாருங்கள். மைனர் என்றால் பத்துப் பன்னிரண்டு வசதிகள் சேர்ந்து, மாதக் கணக்கில் ஊறி வரவேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. நாங்கள் 2.5.0 விட்ட ஒன்பதாம் நாளே 2.6.0 விட்டோம். மாற்றக் குறிப்பில் ஒரே வரி: சீட்டில் மலையாளம். கூடலூர்க்காரர்கள் அன்றே பொத்தானை அழுத்தினார்கள். கோத்தகிரியில் பலர் 2.7 வரும்வரை அந்த அறிவிப்பைத் தொடவே இல்லை, அவர்களுக்கு எந்தக் குறையும் வரவில்லை.